ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குக் குழுவாகப் போகிறவர்களுக்கு: முதுநிலை மாணவர்களுக்கான வழிகாட்டி

பத்து நாளில் எட்டுப் பல்கலைக்கழகம் என்று யாராவது பயணத் திட்டம் நீட்டினால், நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்படிப் போகிற குழு எட்டு வாசல்களின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு வரும். அதிலும் சிக்கல் உண்டு. ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு வாசலும் கிடையாது, மதிலும் கிடையாது. இத்தாலியின் பொலோன்யாவில் வரலாற்றுத் துறை ஒரு தெருவில் இருக்கும், சட்டம் இன்னொரு தெருவில் இருக்கும், இடையில் காப்பிக் கடைகளும் குடியிருப்புகளும் இருக்கும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் மொழி, வரலாறு, தத்துவம் எல்லாம் பழைய நகரத்தில். இயற்பியலும் வேதியியலும் நெக்கர் ஆற்றுக்கு மறுகரையில். "பல்கலைக்கழகத்துக்குப் போங்கள்" என்று டாக்சிக்காரரிடம் சொன்னால், எந்தக் கட்டடம் என்று அவர் திருப்பிக் கேட்பார்.

முதல் முறையாக ஒரு குழுவைத் திரட்டும் முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பன்னிரண்டு முதல் பதினைந்து பேர், பத்துப் பன்னிரண்டு நாள், மூன்று ஊர் என்பது என் கணக்கு. நான்காவது ஊரைச் சேர்த்தால் அந்த நாள் ரயிலிலும் விடுதி வரவேற்பறையிலும் கழிந்துவிடும்.

கேள்வி முதலில், ஊர் பிறகு

ஊர்ப் பட்டியலோடு தொடங்காதீர்கள். குழு முழுவதும் சுமந்து செல்லக்கூடிய ஒரு கேள்வியை முடிவு செய்யுங்கள். அந்தக் கேள்வியே ஊரைத் தேர்ந்து கொடுத்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு: முனைவர் பட்ட ஆய்வாளர் மாணவரா, ஊழியரா? நெதர்லாந்து, டென்மார்க், நார்வே, சுவீடன் ஆகிய நாடுகளில் அவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தின் ஊழியர்கள். சம்பளம், ஓய்வூதியப் பங்களிப்பு, விடுமுறை எல்லாம் உண்டு. ஜெர்மனியில் பலர் பகுதி நேரப் பணியிடத்தில் இருப்பார்கள், சிலர் உதவித்தொகையில் இருப்பார்கள். பிரிட்டனில் அவர் மாணவர்தான். இந்த வேறுபாடு நெறியாளரோடு உள்ள உறவை எப்படி மாற்றுகிறது, ஆய்வை முடிக்கும் காலத்தை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்கத் தொடங்கினால், நெதர்லாந்தின் லெய்டன், ஜெர்மனியின் கோட்டிங்கன், சுவீடனின் உப்சாலா என்று ஊர்கள் தாமாக வரிசையில் வந்து நிற்கும்.

வேறு கேள்விகளும் உண்டு. உயர்கல்வி முறைகளை ஒத்திசைக்க 1999இல் 29 நாடுகள் கையெழுத்திட்ட பொலோன்யா பிரகடனத்துக்குப் பிறகு இளநிலை, முதுநிலை, முனைவர் என்ற மூன்றடுக்குக்குப் பெரும்பாலான நாடுகள் வந்தன. முழுநேரப் படிப்பில் ஓராண்டுக்கு 60 மதிப்பலகு (கிரெடிட்) என்பது பொதுக் கணக்கானது. காகிதத்தில் ஒன்றான இந்த முறை வகுப்பறையில் எவ்வளவு ஒன்றாக இருக்கிறது என்பது நல்ல கேள்வி. "ஐரோப்பிய உயர்கல்வி முறையை அறிதல்" என்பது கேள்வியே அல்ல. அதற்கு எந்தப் பேராசிரியராலும் ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல முடியாது.

ஊர் முடிவானதும் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழைய பாரிஸ் பல்கலைக்கழகம் 1968 மாணவர் எழுச்சிக்குப் பிறகு பதின்மூன்றாகப் பிரிக்கப்பட்டது. இன்று சொர்போன் என்ற பெயரைத் தாங்கி ஒன்றுக்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அவற்றில் சொர்போன் பல்கலைக்கழகம் என்பது 2018இல் இரண்டை இணைத்து உருவாக்கியது. பெர்லினில் ஹம்போல்ட், சுதந்திரப் பல்கலைக்கழகம், தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மூன்றும் தனித்தனி. பெல்ஜியத்தின் லூவன் 1425இல் தோன்றியது; 1960களின் மொழிப் பூசலில் உடைந்து, டச்சு மொழிப் பல்கலைக்கழகம் பழைய ஊரிலேயே தங்க, பிரெஞ்சு மொழிப் பல்கலைக்கழகம் லூவன்-லா-நூவ் என்ற புது ஊரைக் கட்டிக்கொண்டு போனது. ஒன்றுக்கு எழுத வேண்டிய கடிதத்தை இன்னொன்றுக்கு எழுதினால் அவர்களுக்கு அது இனிமையாக இருக்காது.

தேதி: நாட்காட்டியை அவர்கள் கண்ணால் பாருங்கள்

விமான டிக்கெட் மலிவாக இருக்கும் மாதத்தில் பேராசிரியர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். ஜெர்மனியில் குளிர்காலப் பருவத்தின் வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி நடுவில் முடியும். கோடைப் பருவம் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை வரை. இடைப்பட்ட மாதங்களில் கட்டடம் திறந்திருக்கும், ஆள் இருக்காது. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் ஆண்டுக்கு மூன்று பருவம், ஒவ்வொன்றும் எட்டே வாரம். ஆகஸ்டில் பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் கல்விப் பயணம் போவதில் பொருளே இல்லை.

மே மாதம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மே 1, அதன் பின் வழக்கமாக மே மாதத்தில் வரும் விண்ணேற்ற வியாழன், பெந்தகோஸ்து திங்கள் என்று விடுமுறைகள் அடுத்தடுத்து வரும். வியாழன் விடுமுறை என்றால் வெள்ளியையும் சேர்த்துக்கொண்டு பலர் கிளம்பிவிடுவார்கள். நவம்பரை நான் பரிந்துரைப்பேன். மழை, மாலை ஐந்து மணிக்கே இருட்டு, எல்லோரும் எரிச்சலோடு இருப்பார்கள். ஆனால் எல்லோரும் இருப்பார்கள். நவம்பர் 1 பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலியில் விடுமுறை. நவம்பர் 11 பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் விடுமுறை. ஜெர்மனியின் கொலோனில் நவம்பர் 11 அன்று கார்னிவல் என்ற தெருக் கொண்டாட்டப் பருவம் தொடங்குவதால் அன்று அந்த ஊரில் யாரையும் சந்திக்கத் திட்டமிடாதீர்கள். லெய்டனில் அக்டோபர் 3 என்பது, ஸ்பானியப் படையின் முற்றுகை 1574இல் விலகியதைக் கொண்டாடும் நாள். ஊரே தெருவில் இருக்கும், பல்கலைக்கழகம் மூடியிருக்கும்.

கடிதம் யாருக்கு, எப்படி

ஒன்பது மாதம் முன்பே எழுதத் தொடங்குங்கள். பன்னாட்டு உறவு அலுவலகத்துக்கு மட்டும் எழுதினால் அன்பாக வரவேற்பார்கள். நாற்பத்தைந்து நிமிடம் படக்காட்சி, தரவரிசை எண்கள், ஒரு துணிப்பை, முடிந்தது. அந்த அலுவலகத்துக்கும் எழுதத்தான் வேண்டும். அழைப்புக் கடிதம் அவர்கள் வழியாக வருவது எளிது. ஆனால் பயணத்தின் உயிர் துறையில் இருக்கிறது. உங்கள் கேள்விக்கு நெருக்கமாக வேலை செய்யும் ஒரே ஓர் ஆசிரியரையோ முனைவர் பட்டப் பள்ளியின் ஒருங்கிணைப்பாளரையோ கண்டுபிடித்து அவருக்குத் தனியாக எழுதுங்கள்.

மூன்றாவதாக ஒரு கதவு இருக்கிறது. புதியவர்கள் அதைத் தட்டுவதே இல்லை. ஆய்வு மாணவர்களின் சங்கங்கள். ஐரோப்பிய அளவில் யூரோடாக் என்ற கூட்டமைப்பு இருக்கிறது. அதில் நாடுதோறும் சங்கங்கள் உறுப்பினராக இருக்கின்றன. உப்சாலாவில் நேஷன் என்று அழைக்கப்படும் பதின்மூன்று பழைய மாணவர் அமைப்புகள் உண்டு. பேராசிரியர் அறையில் இல்லாத ஒரு மாலைப் பொழுதில் ஆய்வு மாணவர்கள் சொல்வதுதான் உங்கள் குறிப்பேட்டில் அதிகப் பக்கம் பிடிக்கும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நீங்கள் யார், எத்தனை பேர், எந்தக் கேள்வி, எந்த இரண்டு தேதிகளில் எது அவர்களுக்கு ஏற்றது, எவ்வளவு நேரம் கேட்கிறீர்கள் (தொண்ணூறு நிமிடம் கேளுங்கள், அரை நாள் கேட்காதீர்கள்), பதிலுக்கு நீங்கள் என்ன தரப்போகிறீர்கள் - இவ்வளவும் போதும். கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள். உங்கள் குழுவில் இருவர் தங்கள் ஆய்வைப் பத்துப் பத்து நிமிடம் பேசத் தயார் என்று எழுதினால், வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அல்ல இவர்கள் என்று கடிதம் படிப்பவருக்குப் புரியும். மூன்று வாரம் பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவரைத் தேடுங்கள்.

நிதிக்கும் இந்த நேரத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான டி.ஏ.ஏ.டி., ஆசிரியர் ஒருவர் தலைமையில் வரும் வெளிநாட்டு மாணவர் குழுக்களின் கல்விப் பயணத்துக்கு உதவிவந்திருக்கிறது. சுற்றுலா வாடை அடிக்கும் நிகழ்ச்சி நிரலை அங்கே அனுப்பிப் பயனில்லை.

விசா

குழுவில் விசா தேவைப்படுகிறவர் ஒருவர் இருந்தாலும் இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். பயணங்கள் அதிகம் கவிழ்வது இங்கேதான்.

குழு விசா என்று எதையும் நம்பி இருக்காதீர்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். முந்தைய 59 மாதங்களுக்குள் ஷெங்கன் விசாவுக்காக (தங்களுக்குள் எல்லைச் சோதனையைக் கைவிட்ட ஐரோப்பிய நாடுகளின் பொது விசா) கொடுத்திருந்தால் பொதுவாக மீண்டும் கேட்பதில்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து பதினைந்து நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். முடிவு வழக்கமாகப் பதினைந்து நாளில் வரும். கூடுதல் ஆய்வு தேவை என்று கருதினால் 45 நாள் வரை நீட்டிக்கலாம். விதி சொல்வது இது. பதினைந்து பேருக்கு ஒரே வாரத்தில் நேரம் கிடைப்பது அபூர்வம் என்பதால், ஆறு மாதக் கதவு திறந்த உடனேயே இடம் பிடியுங்கள்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது? அதிக நாள் தங்கும் நாட்டிடம். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். ஆகவே திட்டம் போடும்போதே ஒரு நாட்டில் ஓரிரவு கூடுதலாகத் தங்குமாறு வைத்துவிடுங்கள்; குழப்பத்துக்கு இடமிருக்காது. மொத்தத்தில் எந்த 180 நாள் காலத்திலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. ஏற்கெனவே மாநாட்டுக்கோ களஆய்வுக்கோ அங்கே போய்வந்தவர்கள் அந்த நாட்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. பலருக்குத் தெரியாத ஒரு விதி: ஷெங்கன் விசா விதித்தொகுப்பின் 16ஆம் பிரிவு, கல்விக்காகவோ கல்விப் பயிற்சிக்காகவோ செல்லும் மாணவர்கள், முதுநிலை மாணவர்கள், உடன் செல்லும் ஆசிரியர்கள் ஆகியோருக்கு இந்தக் கட்டணத்தை விலக்குகிறது. தானாக யாரும் இதை நினைவூட்ட மாட்டார்கள். அழைப்புக் கடிதத்திலும் உங்கள் நிறுவனத்தின் கடிதத்திலும் "கல்விப் பயணம்" என்பது தெளிவாக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போது நீங்களே விலக்குக் கேட்க வேண்டும். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் வேறு. அதைக் கட்டத்தான் வேண்டும்.

ஆவணங்களில் மூன்றைக் கவனியுங்கள். பாஸ்போர்ட் பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களோடும் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் பகுதி முழுவதற்கும் இருக்க வேண்டும். பெயர் எல்லாத் தாளிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். முதலெழுத்து ஒரு தாளில் சுருக்கமாகவும் இன்னொன்றில் விரிந்தும் இருந்தால் விளக்கம் கொடுத்தே நாள் போய்விடும்.

ஷெங்கனும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒன்றல்ல. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் இருக்கிறது. அங்கே செலவு பிராங்கில். அயர்லாந்து ஒன்றியத்தில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை. பிரிட்டன் இரண்டிலும் இல்லை. பாரிஸ், கேம்பிரிட்ஜ், லெய்டன் என்று போட்டால் பிரிட்டன் விசாவும், இரு முறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவும் வேண்டும். முதல் பயணத்தில் பிரிட்டனை விட்டுவிடுவதே என் ஆலோசனை. 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதிலாக முகப் படமும் கைரேகையும் பதியும் முறை படிப்படியாக வந்துவிட்டது. பதினைந்து பேர் வரிசையில் நிற்க நேரம் பிடிக்கும். இறங்கிய ஒரு மணி நேரத்தில் ரயில் டிக்கெட் எடுத்து வைக்காதீர்கள்.

ரயில், பஸ், படுக்கை

மூன்று ஊருக்கு ரயிலே போதும். ஐரோப்பாவில் வசிக்காதவர்கள் வாங்கக்கூடிய, ஒரே சீட்டில் பல நாட்டு ரயில்களில் போக உதவும் யூரெயில் பாஸில் 27 வயது வரை இளைஞர் கட்டணம் உண்டு. ஆனால் பிரான்ஸின் டி.ஜி.வி., இத்தாலியின் ரயில்கள் ஆகிய அதிவேக ரயில்களிலும், நாடு விட்டு நாடு ஓடும் யூரோஸ்டாரிலும் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியே பணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். இரண்டே நீண்ட பயணம் என்றால் பாஸ் பெரும்பாலும் நட்டம். டிக்கெட்டை முன்கூட்டி வாங்குங்கள்.

தனி பஸ் அமர்த்த நினைக்கிறவர்கள் ஓட்டுநர் விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றியச் சட்டப்படி ஓட்டுநர் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரு நாள் மட்டும் பத்து. நான்கரை மணி நேர ஓட்டத்துக்குள் 45 நிமிட இடைவேளை கட்டாயம். இரவு ஓய்வு வழக்கமாகப் பதினொரு மணி நேரம். இரவு விருந்து முடிந்து நள்ளிரவில் விடுதி சேர்ந்துவிட்டு, காலை ஏழுக்குக் கிளம்பலாம் என்று ஓட்டுநரிடம் கெஞ்சிப் பயனில்லை. அவர் வண்டியில் உள்ள கருவி எல்லாவற்றையும் பதிந்து வைத்திருக்கும்.

தங்குவதற்கு இளைஞர் விடுதிகள் நல்லவை. ஊர் வரியை அங்கேயே தனியாகக் கேட்பார்கள் என்பதால் கையில் கொஞ்சம் வைத்திருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஜெர்மனியின் மென்சா எனப்படும் பல்கலைக்கழக உணவுக்கூடத்தைப் பயன்படுத்துங்கள். விருந்தினர் விலை மாணவர் விலையைவிட அதிகம்தான், இருந்தும் வெளியே சாப்பிடுவதைவிட மலிவு. பல இடங்களில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். பிரான்ஸின் தேசிய அருங்காட்சியகங்களில் 26 வயதுக்குட்பட்டோருக்கு இலவசம் என்பது ஐரோப்பியர்களுக்கும் ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கும்தான். அவசர உதவிக்கு எங்கும் 112.

அங்கே போன பிறகு

ஜெர்மனியில் நிகழ்ச்சி நிரலில் மணிக்குப் பக்கத்தில் "சி.டி." என்ற குறி இருந்தால் பதினைந்து நிமிடம் கழித்துத் தொடங்கும், "எஸ்.டி." என்றால் சரியாக அந்த மணிக்கு. சுவீடனின் உப்சாலாவிலும் லுண்டிலும் இதே கால்மணி வழக்கம் இருக்கிறது. இது வகுப்புகளுக்கு மட்டும். உங்களைச் சந்திக்கக் காத்திருக்கும் ஒருவரிடம் அந்தக் கால்மணியை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரே ஒரு நிகழ்ச்சிதான் சேர்க்க முடியும் என்றால் முனைவர் பட்டப் பொது வாய்மொழித் தேர்வைச் சேருங்கள். நெதர்லாந்தில் அது முழுச் சடங்கு. அங்கி அணிந்த பேராசிரியர்கள் வரிசையாக வருவார்கள். பல இடங்களில் தொடங்கியதும் கதவைச் சாத்திவிடுவார்கள். கேள்வி நேரம் வழக்கமாக முக்கால் மணி. அது முடிந்ததும் கோலேந்திய அதிகாரி உள்ளே வந்து "ஹோரா எஸ்ட்" (நேரமாகிவிட்டது) என்று அறிவிப்பார். ஆய்வாளர் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் தேர்வு அத்தோடு முடிந்தது. லெய்டனின் பழைய அகாடமிக் கட்டடத்தில் முடிவுக்காகக் காத்திருக்கும் சிற்றறைக்கு வியர்வை அறை என்றே பெயர். பட்டம் பெற்றவர்கள் அதன் சுவரில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். சுவீடனில் நடப்பது வேறு மாதிரி. தேர்வுக்குச் சில வாரம் முன்பே ஆய்வேட்டை ஆணியடித்து மாட்டிப் பொதுவில் அறிவிப்பார்கள். வெளியிலிருந்து வரும் எதிர்வாதி ஒருவர் மணிக்கணக்கில் விவாதிப்பார். கடைசியில் பார்வையாளரும் கேள்வி கேட்கலாம். பிரிட்டனில் அதே தேர்வு மூடிய அறைக்குள் இரண்டு மூன்று பேருக்கிடையே நடந்து முடிந்துவிடும். ஆய்வின் மதிப்பை யார் முன் நிரூபிக்க வேண்டும் என்பதில் நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எந்த உரையும் காட்டாது. தேதிகளைத் துறைகள் முன்கூட்டியே அறிவிக்கின்றன; உங்கள் பயண வாரத்தில் எது வருகிறது என்று பார்த்து, குழுவாக வருவதை முன்பே சொல்லிவிடுங்கள்.

தமிழ் படிக்கிற குழுவுக்கு ஆவணக் காப்பகங்களின் ஈர்ப்பு தனி. ஜெர்மனியின் ஹாலே நகரில் உள்ள பிராங்கே அறக்கட்டளைக் காப்பகத்தில், 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த கிறித்தவ மதபோதகர் சீகன்பால்கு தொடங்கிவைத்த மிஷனின் கடிதங்களும் தமிழ் ஓலைச் சுவடிகளும் இருக்கின்றன. சோழர் காலத்து ஆனைமங்கலச் செப்பேடுகளை லெய்டன் செப்பேடுகள் என்று நாம் அழைக்கக் காரணமே அவை நெடுங்காலம் லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருந்ததுதான். ஆனால் படிப்பறைக்குள் பதினைந்து பேர் திடுதிப்பென்று நுழைய முடியாது. முன்பதிவு வேண்டும், பையை வெளியே வைக்க வேண்டும், பென்சில் மட்டுமே அனுமதி. குழுவுக்காகச் சில பொருள்களை எடுத்து வைத்து விளக்கும் அமர்வு ஒன்றை இரண்டு மாதம் முன்பே கேளுங்கள். எந்தச் சுவடி, எந்தக் கடிதம் என்று வரிசை எண்ணோடு கேட்டால் காப்பாளருக்கு மகிழ்ச்சி.

சந்திப்புகளில் இருவர் குறிப்பெடுக்கட்டும், ஒருவர் நேரம் பார்க்கட்டும். இணையதளத்தில் கிடைக்கும் விவரத்தைக் கேட்டு நேரத்தைக் கரைக்காதீர்கள். "உங்கள் மாணவர்களில் எத்தனை பேர் பாதியில் விடுகிறார்கள், ஏன்?" என்று கேட்டால் அறை சற்று அமைதியாகும், பிறகு நல்ல உரையாடல் தொடங்கும். படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். அன்றன்று மாலை அரை மணி நேரம் உட்கார்ந்து குறிப்புகளை ஒப்பிட்டுவிடுங்கள். மூன்றாவது ஊரில் முதல் ஊரின் முகங்கள் கலந்துபோகும்.

திரும்பிய வாரத்திலேயே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றிக் கடிதம் எழுதுங்கள். அறிக்கை வெளியிடுவதானால், அவரவர் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் பகுதியை அவரவருக்கே அனுப்பி ஒப்புதல் பெறுங்கள். ஆய்வு மாணவர்கள் நெறியாளரைப் பற்றி மனம் திறந்து பேசியிருந்தால், பெயரை மட்டும் நீக்கினால் போதாது. துறையையும் ஆய்வுத் தலைப்பையும் சேர்த்தே நீக்குங்கள். இருபது பேர் உள்ள துறையில் யார் சொன்னது என்று கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும்.